செண்பகத்துக்கு நாலு

ஆகஸ்ட் 4, ஞாயிறு. ஆடி அமாவாசை

வடை பத்து. அதில் இரண்டு கருகல். அதையும் சேர்த்துத்தான் பத்து. எனக்கு மூன்று, கீழே வாட்ச்மேன் மனைவி பேச்சியம்மாளுக்கு மூன்று, செண்பகத்துக்கு நாலு. ஓட்டை போடுவதற்குள் மாவு விரலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. முப்பத்தாறு வருஷம் எனக்கு வடை சுட்டுப் போட்டவள், இந்த ஓட்டை ரகசியத்தை மட்டும் சொல்லாமல் ஏப்ரலில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

படையலைப் பால்கனியில் வைத்தேன். மூன்றாவது மாடி, சுற்றிலும் புறா வலை. காக்காய் எப்படி வரும்? மொட்டை மாடிக்குப் பூட்டு, சாவி செக்ரட்டரியிடம். கேட்டால் மீட்டிங் போட்டு முடிவு பண்ணுவாராம். போகட்டும், குறை ஒன்றும் இல்லை. படையல் எடுத்துக்கொண்டாயிற்று. இலை துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அதற்கப்புறம்தான் நான் சாப்பிட உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

5.50: ஜமீன் வாந்தி. மஞ்சள்.

6.35: மறுபடியும். வெறும் நுரை.

7.15: முன்னங்கால் இரண்டையும் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு அப்படியே நிற்கிறான், சாமி கும்பிடுகிற மாதிரி. உட்காரவும் இல்லை, படுக்கவும் இல்லை.

பஸ் டெப்போவில் முப்பத்திரண்டு வருஷம் டைம் கீப்பர். வண்டி வந்த நேரம், போன நேரம், பிரேக்டவுன் ஆன நேரம் எல்லாம் எழுதின கை, ரிட்டயர் ஆகியும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. இப்போது ஜமீனின் வாந்தியை எழுதுகிறேன். என் தலையெழுத்து.

ஜமீன் எங்கள் நாய். வெள்ளை, புசுபுசு, ஒன்பது வயசு. குட்டியாக வந்த அன்றைக்கே சோபாவில் ஏறி, கைப்பிடியில் தாடையை வைத்துக்கொண்டு, குத்தகை நெல் கொண்டு வந்த குடியானவர்களைப் பார்க்கிற மாதிரி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தான். "சரியான ஜமீன்தாராட்டம்ல இருக்கான்" என்றாள் செண்பகம். பெயர் அதுவே நின்றுவிட்டது. அவன் சாப்பிட்ட பிறகுதான் அவள் சாப்பிடுவாள். எனக்குக்கூட அந்த மரியாதை கிடையாது.

மே மாசத்திலிருந்து இந்தச் சனியன் பிடித்த வாந்தி. வரும், நாலு நாள் ஆட்டும், போகும். போய்விட்டது என்று மூச்சு விடுவதற்குள் திரும்பி வரும். ஏசி போட்ட கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"என்ன அங்கிள் சாப்பிட்டான்?"

"வழக்கம்போல சோறும் வேகவச்ச கோழியும்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல தம்பி."

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பூச்சி மருந்து எழுதினார் அந்த டாக்டர். மே மாசமும் பூச்சி மருந்து, ஜூலையிலும் பூச்சி மருந்து. இவர்கள் கொடுத்த மருந்துக்கு ஜமீன் வயிற்றில் மட்டும் இல்லை, இந்தத் தெருவிலேயே பூச்சி இருக்கக்கூடாது. அவனைத் தொட்டாவது பார்த்திருக்கலாம். தொடவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கஞ்சி குடித்தான். வாலை ஒரு தடவை ஆட்டினான். போதும்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மிக்ஸி ரிப்பேர். துணி ஊறப் போட்டு மறந்து, நாற்றம். ஓசூரிலிருந்து மகள் தமயந்தி போன் பண்ணினாள். "அப்பா, ஜமீன இங்க கொண்டுவந்து விட்டுட்டு நீங்களும் வந்துடுங்களேன்" என்றாள். வருகிறேன் வருகிறேன் என்று சொல்லி வைத்தேன். போகப் போவதில்லை. செண்பகத்தின் பழைய புடவையை மடித்துப் போட்டிருக்கிறேன், ஜமீன் அதில் படுத்திருக்கிறான். அங்கே டைல்ஸ் தரையில் இவனுக்கு யார் புடவை போடுவார்கள்?

செப்டம்பர் 2, திங்கள். அமாவாசை

வடை பதினொன்று. கருகல் இல்லை! ஓட்டை எட்டில் விழுந்தது. எனக்கு மூன்று, பேச்சியம்மாளுக்கு நாலு, செண்பகத்துக்கு நாலு. வாழைக்காய் கறிக்கு உப்பு போட மறந்தேன். படையல் எடுத்துக்கொண்டாயிற்று. தனியாக இருக்கிறோம் என்ற நினைப்பு அன்றைக்கு ஒரு நாள் இருப்பதில்லை.

செப்டம்பர் 4, புதன்

4.40, 5.25, 6.10, 6.50. நாலு வாந்தி. கடைசியில் லேசாக ரத்தம்.

ஏசி கிளினிக்கில் இன்றைக்கு வேறு டாக்டர். போன தடவை வந்தவர் லீவாம். முதலிலிருந்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். வயிற்றில் கேஸ் என்றார். பூச்சி போய் கேஸ் வந்தது. "வயசாச்சு இல்லையா அங்கிள், அப்படித்தான் இருக்கும்" என்றார். எனக்கு ஜிவ்வென்று ஏறிவிட்டது. "எனக்கும்தான் அறுபத்தேழு ஆச்சு. நான் என்ன உங்க மேசைல வாந்தியா எடுக்கறேன்?" என்று கேட்டுவிட்டு ஜமீனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஆட்டோவில் அவன் என் மடியில் தலையை வைத்து, என்னைத்தான் பார்த்துக்கொண்டு வந்தான். நான் ஏதோ பண்ணிவிடுவேன் என்று நம்புகிற பார்வை. அழுகை வந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

செப்டம்பர் 5, வியாழன்

பேச்சியம்மாள்தான் சொன்னாள்: "ஐயா, எங்க ஆட்டுக்கெல்லாம் கவர்மெண்டு ஆஸ்பத்திரில ஒரு டாக்டரம்மா பாக்கும். கடுகடுன்னு இருக்கும். ஆனா பாக்கும்."

எட்டு மணி ஆஸ்பத்திரி. 7.40க்கே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். முன்னால் பதினாலு ஆடு, ஒரு கன்றுக்குட்டி, கூடையில் கோழி. 7.51க்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார் டாக்டர் ஜெசிந்தா. நாற்பது வயசு இருக்கும். யாருக்கும் வணக்கம் இல்லை, சிரிப்பு இல்லை. நேராக உள்ளே.

எங்கள் முறை வந்தது. ஜமீனை மேசையில் ஏற்றப் போனேன். "வேணாம், பயப்படுவான்" என்று சொல்லிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தத் தரையில் என்னென்ன கிடந்தது என்று எழுத மாட்டேன். வயிற்றை விரல் விரலாக அழுத்தினார். ஒரு இடத்தில் ஜமீன் முனகினான். கையை அங்கேயே வைத்துக்கொண்டு, "முன்னங்கால நீட்டி, கும்பிடற மாதிரி நிப்பானா?" என்றார்.

நாலு மாசமாக ஒருத்தரும் கேட்காத கேள்வி.

"கணையம் வீங்கியிருக்கும்னு நினைக்கறேன். ரத்தம் எடுத்துப் பாப்போம். இதுக்கு எண்ணெயும் கொழுப்பும்தான் எமன். என்ன குடுக்கறீங்க?"

"சோறு, கோழி."

"வறுத்தது, பொரிச்சது?"

"குடுக்கறதே இல்ல டாக்டர்."

"வீட்ல வேற யாரு?"

"நானும் இவனும்தான்."

செப்டம்பர் 8, ஞாயிறு

டிரிப்ஸுக்கு நாலாவது நாள். ஞாயிற்றுக்கிழமை வர மாட்டார் என்று நினைத்தேன். 7.50க்கு வந்தார். டெப்போவில் இப்படி ஒரு டிரைவர் இருந்திருந்தால் நான் அவர் காலிலேயே விழுந்திருப்பேன்.

இன்றைக்கு ஒரு பசு, கன்று போட முடியாமல். டாக்டரம்மாவின் வலது கை தோள் வரைக்கும் மாட்டுக்குள்ளே. வாய் ஆட்டுக்காரப் பெண்ணிடம், "குடற்புழு மருந்த வெறும் வயித்துல குடுன்னு எத்தன தடவ சொல்றது?" கண் எங்கள் மேல், "சார், டிரிப்ஸ் நின்னு போச்சு பாருங்க, அந்தச் சக்கரத்த மேல தள்ளுங்க." பத்து நிமிஷத்தில் கன்று வெளியே வந்தது. பசுக்காரர் கும்பிட்டார். இவர் கையைக் கழுவிக்கொண்டே, "அடுத்தது யாரு?" என்றார். அட, என்ன பொம்பளையப்பா!

ஜமீன்கூட அவரைப் பார்த்தால் எழுந்து நிற்கிறான். நான் வந்தால் நிற்க மாட்டான்.

செப்டம்பர் 21, சனி

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த பத்தியம்: குழைந்த சோறு, தோல் உரித்த கோழி, பரங்கிக்காய், பாசிப்பருப்பு. எண்ணெய் ஒரு சொட்டு கிடையாது. ஒரு நாளைக்கு நாலு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. 7.00, 11.00, 3.00, 7.00. ஒரு நிமிஷம் தவறியதில்லை. எடை கால் கிலோ ஏறியிருக்கிறது. "இப்படிச் சொன்னபடி கேக்கறவங்க பத்துல ஒருத்தர்தான்" என்றார். எனக்குப் பள்ளிக்கூடத்தில்கூட யாரும் இப்படிச் சொன்னதில்லை.

அக்டோபர் 2, புதன். மகாளய அமாவாசை

வடை பன்னிரண்டு, எல்லாவற்றிலும் ஓட்டை. பாயசமும் வைத்தேன், முந்திரி நெய்யில் வறுத்துப் போட்டு. செண்பகத்துக்கு நாலு. பேச்சியம்மாளுக்கு நாலு. எனக்கு இரண்டு. மீதி இரண்டை டாக்டரம்மாவுக்குக் கொண்டுபோகலாம் என்று நினைத்து, கூச்சமாக இருந்ததால் அதையும் நானே தின்றேன்.

படையல் எடுத்துக்கொண்டாயிற்று. பாயசமும்.

அக்டோபர் 4, வெள்ளி

நேற்று சாயங்காலம் 5.20லிருந்து இன்று காலை வரை ஒன்பது வாந்தி. எழுதக் கை வரவில்லை.

டாக்டரம்மா பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "என்ன சார் குடுத்தீங்க?"

"நீங்க சொன்னதுதான்."

"இல்ல. எண்ணெய்ப் பண்டம் உள்ள போயிருக்கு. ரிசல்ட் போன தடவையவிட மோசம்."

"நான் பொய் சொல்றேங்கறீங்களா?"

"நீங்க சொல்றீங்களோ இல்லையோ, இவன் வயிறு பொய் சொல்லாது. யாரோ குடுக்கறாங்க. கண்டுபிடிங்க. இன்னொரு தடவை இப்படி வந்தா என்னால காப்பாத்த முடியாது."

வீட்டுக்கு வந்ததும் நேராகப் பேச்சியம்மாளிடம் போனேன். வாக்கிங் போகும்போது அவள்தான் இவனைத் தடவிக் கொடுப்பாள். கேட்கக்கூடாத வார்த்தை எல்லாம் கேட்டுவிட்டேன். "பாவம்னு நினைச்சு எதையாவது போட்டு என் புள்ளைய கொன்னுடாத" என்று கத்தினேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அக்டோபர் 5, சனி

ஜமீன் தலையைத் தூக்கவில்லை. டிரிப்ஸ் ஏறுகிறது, அவ்வளவுதான்.

இந்த நோட்டை எடுத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சண்டை போடத்தான். மருத்துவம் சரியில்லை, இதோ பார், தேதி வாரியாக, நிமிஷம் வாரியாக, உங்கள் மருந்துக்குப் பிறகும் ஒன்பது வாந்தி என்று முகத்துக்கு நேரே படித்துக் காட்ட வேண்டும் என்று. படித்தேன். வெளியே ஆட்டுக்காரர்கள் எல்லாம் கேட்கிற மாதிரிச் சத்தமாகப் படித்தேன்.

நடுவில் நிறுத்தவில்லை அவர். முடித்ததும் கையை நீட்டினார். "குடுங்க."

ஸ்டூலை இழுத்துப் போட்டு, முதல் பக்கத்திலிருந்து படித்தார். கம்பவுண்டர் வந்து கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. என் துணி நாற்றம், மிக்ஸி, எல்லாம் படித்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"சார், ஆகஸ்ட் நாலு அமாவாசை. ஆறாம் தேதி வாந்தி. செப்டம்பர் ரெண்டு அமாவாசை. நாலாம் தேதி வாந்தி."

"அமாவாசைக்கும் வாந்திக்கும் என்ன டாக்டர்? நீங்க படிச்சவங்க."

"அமாவாசைக்கு ஒண்ணும் இல்ல. வடைக்கு இருக்கு." விரலை வைத்துப் பக்கத்தைக் காட்டினார். "உங்களுக்கு மூணு, பேச்சியம்மாளுக்கு மூணு. சரி. செண்பகத்துக்கு நாலுன்னு போட்டிருக்கீங்க. மாசா மாசம் நாலு. செண்பகம் யாரு சார்?"

"என் வீட்டுக்காரி."

"நீங்களும் இவனும் மட்டும்தான்னு சொன்னீங்களே?"

"அவ ஏப்ரல்ல போயிட்டா டாக்டர்."

நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். வெளியே ஒரு ஆடு கத்திக்கொண்டே இருந்தது. அப்புறம், என்னிடம் அதுவரை பேசாத மெதுவான குரலில் கேட்டார்: "அப்ப அந்த நாலு வடைய யாரு சார் சாப்பிட்டா?"

எனக்குப் பதில் தெரியும். ஜமீனைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"அது சாப்பாடு இல்ல டாக்டர்," என்றேன். "படையல்."

"உங்களுக்குப் படையல் சார். அவன் கணையத்துக்கு அது வடைதானே?"

அக்டோபர் 6, ஞாயிறு

இதுவரை எழுதாததை எழுதுகிறேன். டைம் கீப்பர் ஒரு வண்டியை எழுதாமல் விட்டால் அது திருட்டுக் கணக்கு.

மே மாசம் முதல் அமாவாசை. அவள் போய் இருபது நாள். தமயந்தி அன்றைக்குத்தான் ஊருக்குக் கிளம்பிப் போயிருந்தாள். அந்த இருபது நாளும் ஜமீன் வாசல் கதவைப் பார்த்தபடியே படுத்துக் கிடந்தான். தட்டில் வைத்ததை மோந்துகூடப் பார்க்கவில்லை. நான் ஊட்டினால் இரண்டு வாய். எனக்குத் தெரிந்த மாதிரி நாலு வடை சுட்டு, இலை போட்டு, பால்கனியில் நின்று "கா, கா" என்று கூப்பிட்டேன். அரை மணி நேரம். எதிர் பிளாட்டில் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். வலைக்கு வெளியே கம்பியில் ஒரு காக்காய் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பறந்துபோனது. பொறுக்க முடியாமல், "செண்பகம், வந்து சாப்பிடும்மா" என்றேன்.

ஜமீன் எழுந்து வந்தான். இலை முழுவதையும் சாப்பிட்டான். வாலை ஆட்டினான், என் காலை நக்கினான். நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவள்தான் வந்தாள் என்று நினைத்தேன். யார் என்ன சொன்னாலும் இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதனால்தான் டாக்டர் கேட்டபோதெல்லாம் வேறு எதுவும் கொடுக்கவில்லை என்றேன். நான் கொடுத்தது அவனுக்கு இல்லையே. அவளுக்கு என்று நினைத்து, அவள் வளர்த்த பிள்ளையைக் கொல்லப் பார்த்திருக்கிறேன். பூச்சி என்றவரைத் திட்டினேன், கேஸ் என்றவரைத் திட்டினேன், பேச்சியம்மாளைத் திட்டினேன். என்னைத் திட்ட ஆளில்லை. டாக்டரம்மாவாவது திட்டியிருக்கலாம். திட்டவில்லை. நோட்டை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, "இப்படி ஒருத்தர் எழுதி வைக்கலன்னா நான் மாத்திரைய மாத்தி மாத்திக் குடுத்துட்டே இருந்திருப்பேன் சார்" என்றார். "படையல நிறுத்துங்கன்னு சொல்ல மாட்டேன். வடைய நிறுத்துங்க."

ஞாயிற்றுக்கிழமை இன்றைக்கும் 7.50.

அக்டோபர் 8, செவ்வாய்

11.05: தலையைத் தூக்கினான். 11.20: தண்ணீர். 3.00: இரண்டு ஸ்பூன் கஞ்சி, உள்ளேயே நின்றது.

டாக்டரம்மா சிரித்தார். முதல் தடவை. முன்பல் ஒன்று கொஞ்சம் கோணல்.

அக்டோபர் 10, வியாழன்

பேச்சியம்மாளிடம் போனேன். ஜமீனையும் தூக்கிக்கொண்டு, மன்னிச்சுக்கம்மா என்று சொல்ல ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன், வாயில் வரவில்லை. "வடை குடுத்தது நான்தாம்மா" என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும்யா," என்றாள். "அமாவாசையன்னிக்கு எலை எடுக்க வரப்ப பாத்திருக்கேன். அம்மா வந்து சாப்பிடுதுன்னு நெனச்சுக்கிட்டேன், அதான் சொல்லல."

இரண்டு பேரும் ஒரே தப்பைத்தான் பண்ணியிருக்கிறோம். ஜமீன் அவள் புடவையை மோந்து பார்த்தான். அவள் தயங்கினாள். "தடவும்மா, தடவு" என்றேன்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

வெடிச் சத்தம். ஜமீன் கட்டிலுக்கு அடியில், நானும் பாதி உடம்பு கட்டிலுக்கு அடியில். பட்சணம் ஒன்றும் செய்யவில்லை. நாளைக்கு அமாவாசை. உளுந்து டப்பாவைக் கையில் எடுத்தேன். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுப் பேச்சியம்மாளிடம் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 1, வெள்ளி. அமாவாசை

குளித்துவிட்டு இலை போட்டேன். குழைந்த சோறு, வேகவைத்த பரங்கிக்காய், பாசிப்பருப்பு. உப்பு இல்லை, எண்ணெய் இல்லை. இதையா ஒருத்திக்குப் படைப்பது என்று முதலில் கை வரவில்லை. அப்புறம் நினைத்துப் பார்த்தேன். அவன் வயிறு நிறையாமல் என்றைக்காவது அவள் ஒரு வாய் சாப்பிட்டிருக்கிறாளா? வடையே வைத்திருந்தால்தான் எட்டி உதைத்திருப்பாள்.

"செண்பகம், இனிமே உனக்கும் பத்தியம்தான். கோவிச்சுக்காத. வந்து சாப்பிடு" என்றேன்.

ஜமீன் வந்தான். இலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வடை எங்கே என்று தேடினான் போல. அப்புறம் குனிந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான். எடுத்துக்கொண்டாயிற்று.

நவம்பர் 3, ஞாயிறு

நேற்று இல்லை. இன்று காலை 4.40க்கு எழுந்து காத்திருந்தேன். 5.25. 6.10. 6.50. எட்டு மணி வரைக்கும் அவன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தேன். அவன் செண்பகத்தின் புடவையில் மல்லாந்து படுத்து, நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு, குறட்டை.

வாந்தி இல்லை, செண்பகம். கேட்டியா? இல்லை.